துண்டுக்குள் எட்டு

அமெரிக்காவில் ஒருவருக்கு முதுகு வலித்தால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வினோதினிக்கு வேலை வந்துவிடும். அவர் டாக்டரிடம் போவார். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பார். தட்டியதற்கு ஓர் எண், பார்த்ததற்கு ஓர் எண், வலிக்கு ஓர் எண் என்று எல்லாவற்றையும் சேர்த்து வினோதினி பில் போட்டு, அந்த ஊர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவாள். அவர்கள் அதைத் திருப்பி அனுப்புவார்கள். ஏன் திருப்பினோம் என்பதற்கும் அவர்களிடம் ஓர் எண் உண்டு. வினோதினி திருத்தி மறுபடி அனுப்புவாள். இப்படிச் சிலமுறை கடல் தாண்டிப் போய்வந்த பிறகு பணம் வரும். அதற்குள் அந்த மனிதருக்கு முதுகுவலி பெரும்பாலும் சரியாகியிருக்கும்.

கம்பெனியின் பெயர் கனகசபை மெடிக்கல் பில்லிங் சர்வீசஸ். 2008ஆம் வருஷம் தை மாதம் திறந்தார்கள். முதலாளி கோவிந்தசாமி, பண்ருட்டியில் பலாவுக்கும் முந்திரிக்கும் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். நியூஜெர்சியில் இருக்கும் மச்சான் மகன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, "டாக்டருக்கு வரவேண்டிய பணத்த வசூல் பண்ணிக் குடுக்கணும் மாமா. வசூலாவறதுல நூத்துக்கு இவ்ளோன்னு நமக்கு ஃபீஸ்" என்று விளக்கியிருக்கிறான். கோவிந்தசாமி ஒரு நிமிஷம் யோசித்தார். "அட, கமிஷன் மண்டி! இதுக்கு ஏன்டா இங்கிலீசு?" என்றார். அடுத்த மாதமே கம்ப்யூட்டர்கள் லாரியில் வந்து இறங்கின.

வேலை நடக்கும் இடம் கடலூர். முடிவு எடுக்கும் இடம் சிதம்பரம். கடலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எல்லோரும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சிதம்பரம் கீழவீதியில் குளிர்சாதன அறையில் நடராஜர் படம் ஒன்றும் நாற்காலிகள் இரண்டும் இருந்தன. ஒன்றில் கோவிந்தசாமி. இன்னொன்றில் மேலாளர் சூர்யநாராயணன், எம்.பி.ஏ. சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர். பலாப்பழத்தைச் சுளையாக மட்டுமே பார்த்தவர்.

முதல் அமெரிக்க வாடிக்கையாளரோடு விலை பேசிய மாலையில் எல்லோரையும் கடலூர் மாடியில் கூட்டி நிற்க வைத்திருந்தார்கள். ஸ்பீக்கர் போனில் அமெரிக்கக்காரர் வணக்கம் சொன்னார், அவர் ஊரில் பெய்யும் பனியைப் பற்றிச் சொன்னார், கடைசியில் விலைக்கு வந்தார். சூர்யநாராயணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சார், ஃபீஸ் எவ்வளவு பர்சென்ட் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"அறிவு இருக்காய்யா? இத்தினி பேரு முன்னாடி விலைய வாயால சொல்லுவாங்களா?" என்று அதட்டிய கோவிந்தசாமி, தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சூர்யநாராயணனின் இன்னொரு கைமேல் போர்த்தினார். தன் கையையும் உள்ளே விட்டார்.

மண்டியில் பலாவுக்கு வாய், முந்திரிக்குத் துண்டு. பலாவைக் கூவி ஏலம் விடுவார்கள். முந்திரி மூட்டை என்றால் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. கையை விடாதவரை பிடித்ததெல்லாம் கூட்டல். விட்டால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. துண்டுக்குள் நடந்ததை அப்புறம் வெளியே பேசக்கூடாது. பேசினவனுக்கு மண்டியில் யாரும் பழம் போடமாட்டார்கள்.

வினோதினிக்கு இதெல்லாம் தெரியும். அவள் அப்பா ராஜமாணிக்கம் கோவிந்தசாமி மண்டியிலேயே ஏலம் கூவுபவர். துண்டு முதலில் அகலமாகப் புடைத்தது. பிறகு ஒடுங்கிக் கூம்பியது. கை, மூன்று விரல். எட்டு என்று அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டாள்.

சூர்யநாராயணன் முதலில் பிடித்ததைக் கைகுலுக்கல் என்று நினைத்துவிட்டார். அவர் படித்த இடத்தில் எந்தப் பேச்சையும் கைகுலுக்கித்தான் தொடங்குவார்கள். "த்ரீ பர்சென்ட், சார்" என்றார் போனில்.

"டன்!" என்றார் அமெரிக்கக்காரர். அவர் குரலில் இருந்த வேகத்தில் அறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

பழம் என்று வெட்டிப் பார்த்துக் காயாக இருந்தால் ஒரு வியாபாரியின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது கோவிந்தசாமியின் முகம். ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டபோது சிரித்துவிட்டார். "எல்லாருக்கும் லட்டு குடுங்கய்யா" என்றார்.

தான்தான் தப்பாகப் பார்த்தோமோ என்ற சந்தேகம் பஸ்ஸில் வீடு இருக்கும் திருவதிகை வரும்வரை வினோதினியை விடவில்லை. எதிலும் அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவாள். வீட்டில் அப்பாவிடம் சொன்னாள்.

"மொதல்ல கை, அப்புறம் மூணு வெரலா? நடுவுல கைய வுட்டாரா?"

"வுடலப்பா."

"எட்டுடி அது! எவன்டா அவன் மூணுன்னது?" ராஜமாணிக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். பலா பருவத்தில் பண்ருட்டி பஸ் நிலையம்வரை கேட்கும் குரல் அது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அம்மா கொளஞ்சியம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுக் கரகரத்த குரலில், "வெளிய சொல்லிடாத. துண்டுக்குள்ள நடந்தது" என்றார்.

"கூவிக் கூவித் தொண்ட போச்சு" என்றாள் கொளஞ்சியம்மாள். "பருவம் முடிஞ்சா சரியாயிடும்."

மறுநாள் சூர்யநாராயணன் கடலூர் மாடியில் உரை நிகழ்த்தினார். "மத்த கம்பெனி ஏழு வாங்கறான், எட்டு வாங்கறான். நாம ஏன் மூணு? இது ஸ்ட்ராட்டஜி. எட்டு வாங்கறவன் பில் போடறான். மூணு வாங்கறவன் உறவை வளர்க்கறான். இதுல நஷ்டம் இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு. அதை யார் தாங்கறதுன்னு மேனேஜ்மென்ட் ரொம்ப யோசிச்சுது. மேனேஜ்மென்ட்ல ரெண்டே பேர்தான் இருக்கோம், எங்களால தாங்க முடியாது. உங்கள்ல நெறைய பேர் இருக்கீங்க."

எட்டு வந்திருந்தால் மூன்று பேர் செய்திருக்க வேண்டிய வேலை ஒரு நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. சுவரில் 'மூன்றே நம் பலம்' என்று பலகை தொங்கியது. பக்கத்து நாற்காலி பிரீதா அதைப் பார்த்துவிட்டு, "ஆமா, ஆளுக்கு மூணு பேரு பலம்டி. சம்பளம்தான் ஒரு ஆளுக்கு" என்றாள்.

வேலை அதிகமாகிவிட்டது என்ற முணுமுணுப்பு சிதம்பரம்வரை எட்டியதும், வேலைப்பளுவைக் குறைக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு தினமும் காலையில் கூடியது. பளு ஏன் ஜாஸ்தியாகிறது என்று எல்லோரும் விளக்க வேண்டும். விளக்குவதற்குப் போன நேரத்தின் வேலை மாலையில் பளுவோடு சேரும். அது ஏன் சேர்ந்தது என்று மறுநாள் விளக்க வேண்டும்.

பிறகு மாடிஃபையர் வந்தது. ஒரே டாக்டர் ஒரே நாளில் ஒரே நோயாளிக்கு இரண்டு வேலை செய்தால், இரண்டாவது முதலாவதின் தொடர்ச்சி அல்ல, தனி வேலை என்று காட்ட பில்லில் ஒரு துணை எண் போட வேண்டும். அதன் பெயர்தான் மாடிஃபையர். போடாவிட்டால் இன்சூரன்ஸ் இரண்டாவதற்குப் பணம் தராது. அந்த ஒழுங்கு ஊழியர்களின் ரத்தத்தில் ஊற வேண்டும் என்றார் சூர்யநாராயணன். அன்றுமுதல் காலையில் இரண்டாம் முறை கழிவறைக்குப் போகிறவர்கள், அது முதல்முறையின் தொடர்ச்சி அல்ல என்று குறிப்பிட வேண்டியதாயிற்று.

"நான் தொடர்ச்சின்னே எழுதிட்டேன்" என்றாள் பிரீதா. "பொய் சொல்லக் கூடாதில்ல?"

விடுப்பும் அப்படியே ஆனது. இன்சூரன்ஸில் பணம் கேட்பதுபோல, விடுப்பு கேட்பதும் ஒரு க்ளெய்ம். முன்அனுமதி வேண்டும், ஆதாரம் வேண்டும், கெடு தேதி உண்டு. மறுத்தால் அமெரிக்க இன்சூரன்ஸ்காரர்கள் சொல்லும் அதே எண்ணால் மறுப்பார்கள். மேல்முறையீடு சிதம்பரத்தில். விடுப்பில் போகிறவரின் வேலை பக்கத்து நாற்காலிக்குப் போகும். இதற்குத் தோழமை என்று பெயர் வைத்தார்கள்.

பலா பருவம் முடிந்தது. ராஜமாணிக்கத்தின் தொண்டை சரியாகவில்லை. கடலூரில் பார்த்தார்கள். அங்கிருந்து புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குரல்வளையில் கட்டி, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உயிருக்கு அதுதான் வழி என்றார்கள். சேர்த்த பிறகு தியேட்டர் கிடைப்பதைப் பொறுத்து ஆபரேஷன், ஒரு வாரத்துக்குள் எந்த நாளும் இருக்கலாம்.

வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. ராஜமாணிக்கம்தான் பேச்சை எடுத்தார். குரல் தேங்காய் துருவுவதுபோல இருந்தது. "ஆபரேஷன் அன்னிக்கு நீ பக்கத்துல இரு பாப்பா. உள்ள போவறதுக்கு முன்னாடி ஒன்கிட்ட பேசிட்டுப் போறேன். ஊருக்கெல்லாம் கூவியாச்சி. கடைசி ஏலம் ஒனக்குத்தான்."

"இப்பவே சொல்லேன்பா."

"இப்பவே சொன்னா அது கடைசியா?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

வினோதினி எட்டு நாள் விடுப்புக்கு எழுதினாள். முன்அனுமதி இல்லை என்று திரும்பியது. முன்அனுமதி கேட்டாள். நோயாளி ஊழியர் அல்ல, ஆகவே சேவை அவசியமற்றது என்று திரும்பியது. ஆஸ்பத்திரிச் சீட்டை இணைத்து அனுப்பினாள். அதில் ஆபரேஷன் தேதி இல்லை, தேதியில்லாத சேவைக்கு பில் போட முடியாது என்று திரும்பியது. அமெரிக்கா அனுப்பும் மறுப்புகளுக்குப் பதில் எழுதிப் பழகிய கை அது. ஒவ்வொன்றுக்கும் முறையாகப் பதில் எழுதினாள். எழுதும்போதே, தேதி கேட்பது நியாயம்தானே, நாம்தான் சரியாக விசாரிக்கவில்லையோ என்றும் தோன்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் சிதம்பரத்துக்கு மேல்முறையீட்டுக்கு வரச் சொன்னார்கள்.

அந்த அறையில் நாற்காலிகள் இரண்டுதான் என்பதால் அவள் நின்றாள். சூர்யநாராயணன் பேசினார். "இங்க பாரும்மா. ஒரு ஆள் எட்டு நாள் போனா, கம்பெனி கணக்குல இருபத்துநாலு நாள். ஏன்னா ஒவ்வொருத்தரும் மூணு பேர் வேலை செய்யறீங்க. அப்படிச் செய்யறதாலதான் உங்களுக்கு லீவ் குடுக்க முடியல. நீங்க கொஞ்சம் கம்மியா வேலை செய்யறவரா இருந்தா தாராளமா அனுப்பியிருப்பேன்."

கோவிந்தசாமி விண்ணப்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஏலக்கார ராஜமாணிக்கமா? நம்ம ராஜமாணிக்கத்துக்கா?" அவர் குரல் இறங்கியது. "அந்தக் கொரல்லதான்மா நான் மாடி வூடு கட்டனேன்."

அவர் கண் கலங்கியதை வினோதினி பார்த்தாள். கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எதிரே நின்ற அவள் ஓர் ஊழியர். வெளி ஆள் முன்னால் எண்ணை வாயால் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. தோளிலிருந்து துண்டை எடுத்துச் சூர்யநாராயணன் கைமேல் போட்டார்.

துண்டு அகலமாகப் புடைத்தது. ஐந்து என்று வினோதினி எண்ணினாள். பிறகு ஒடுங்கிக் கூம்பியது.

"மூணு நாள் சாங்ஷன்" என்றார் சூர்யநாராயணன்.

அவள் கோவிந்தசாமியைப் பார்த்தாள். அவர் நடராஜர் படத்தைப் பார்த்தார். 'எட்டு சார்' என்று சொல்ல அவள் உதடு பிரிந்துவிட்டது. துண்டுக்குள் நடந்தது என்று அப்பாவின் குரல் உள்ளே கேட்டது. ஒருவேளை இந்தமுறை மூன்றேதானோ?

"ஐயா..." என்றாள்.

"பேச்சு பேச்சுதாம்மா" என்றார் கோவிந்தசாமி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்க அப்பாவயே கேளு, அவரும் அதத்தான் சொல்லுவாரு. ஒரு தபா மாத்துனா அப்புறம் எல்லாத்தையும் மாத்தணும்."

மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் தியேட்டர் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை வார்டு வாசலில் நின்று வினோதினி சூர்யநாராயணனுக்குப் போன் செய்தாள்.

"இன்னும் அஞ்சு நாளா? அது புது க்ளெய்ம் ஆச்சேம்மா. அதே பேஷன்ட், அதே வியாதி, அதே காரணம். டூப்ளிகேட்னு ரிஜெக்ட் ஆயிடும். நீயே தினம் பாக்கறியே." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "வரலைன்னா சீட்டு காலியாயிடும். நான் பண்ணல, சிஸ்டம் பண்ணிடும்."

வேலை முடிந்து வெளியே வந்திருந்த பிரீதாவைக் கூப்பிட்டாள். "நீ இருடி, நான் பாத்துக்கறேன்" என்றாள் பிரீதா. ஆறு பேர் வேலையில் அவள் வலது மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டிருப்பதை அவள் சொல்லவில்லை. இடதுகையில் பிடித்த போன் தட்டுத் தடுமாறும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏலம் கூவ முடியாத வீட்டில் இனி வரும்படி என்றால் வினோதினியின் நாற்காலி ஒன்றுதான். ராஜமாணிக்கம் அதை யோசித்து முடித்திருந்தார்.

"போய்ட்டு வா. இவுங்க இன்னிக்கு, நாளைக்குன்னு சொல்லிக்கினே கெடக்குறாங்க. கூப்புடற அன்னிக்கு ஒங்க அம்மா போன்லேர்ந்து பேசறேன். ஏலத்த போன்ல வுட்டா ஏலம் இல்லியா?"

கடலூர் மாடியில் கைபேசிகளை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அமெரிக்க நோயாளிகளின் ரகசியங்களைக் காப்பதாகக் கம்பெனி கையெழுத்துப் போட்டிருந்தது. எல்லோருடைய போனையும் சத்தத்தை அணைத்து வாசலில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். வினோதினி தன் போனைக் கையில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டாள். மருத்துவ ரகசியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று மறுத்துவிட்டார்கள். ஆபீஸ் போன் அமெரிக்காவுக்கு மட்டும்தான்.

அவள் திரும்பிவந்த இரண்டாம் நாள் காலை, பளுக் குறைப்புக் கூட்டத்தில் அவளை முன்னால் அழைத்தார்கள்.

"இந்தப் பெண்ணைப் பாருங்க" என்றார் சூர்யநாராயணன். "அப்பாவ ஆஸ்பத்திரியில விட்டுட்டு, சொன்ன நாளுக்குக் கரெக்டா வந்து ஒக்காந்திருக்கா. இதுக்குப் பேர்தான் ஓனர்ஷிப். கம்பெனி யாரையும் கட்டாயப்படுத்தல. கட்டாயப்படுத்தறதுக்கு ஆள் வேணும், சம்பளம் வேணும். நம்ம ஃபீஸ்ல அதுக்கெல்லாம் கட்டுப்படியாகாது. அதனால, அவுங்களே வந்துடற மாதிரி ஒரு சிஸ்டம் வச்சிருக்கோம்."

'மூன்றின் முத்து' என்று பெயர் பொறித்த ஒரு டிபன் கேரியர் தந்தார்கள். மூன்று அடுக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். பிரீதா கட்டுப்போட்ட கையைத் தட்ட முடியாமல் மேசையைத் தட்டினாள்.

மதியம் பெட்டியைத் திறந்தபோது அம்மாவின் எண்ணிலிருந்து தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. கைதட்டல் நடந்த நேரத்தில் தொடங்கியிருந்தன. வினோதினி திருப்பிக் கூப்பிட்டாள்.

"உள்ள கூட்டிக்கினு போய்ட்டாங்கம்மா" என்றாள் கொளஞ்சியம்மாள். "நீ எடுப்ப எடுப்பன்னு பாத்தாரு. தள்ளுவண்டியில படுத்துக்கினே போன காதுல வச்சிக்கினு இருந்தாரு. குடுத்துட்டுப் போங்கன்னு அந்த நர்ஸ் பொண்ணுதான் வாங்கி என்கிட்ட குடுத்துச்சி."

"ஏதாவது சொன்னாராம்மா? ஒன்கிட்டயாவது?"

"நீ எடுக்கலன்னு சொன்னாரு."

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. அது க்ளெய்ம் போடாமல் கிடைக்கும் நாள். வினோதினி அந்த டிபன் கேரியரில் அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனாள். வழியில் பிரீதா போன் செய்தாள். கோவிந்தசாமி மனசு கேட்காமல் மிச்சம் ஐந்து நாளையும் தரச் சொல்லிவிட்டாராம். ஆனால் கேட்ட நாட்கள் கடந்துபோனதால், கெடு தாண்டிய க்ளெய்ம் என்று சிதம்பரத்தில் மூடிவிட்டார்களாம்.

ராஜமாணிக்கம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அங்கிருந்து வந்துபோயிற்று. மூக்கில் குழாய். அவளைப் பார்த்ததும் வழக்கம்போல வாயைத் திறந்தார். காற்று கழுத்தில் சீறியது. அவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும், வாயை மெல்ல மூடிக்கொண்டார்.

"என்னப்பா சொல்லணும்னு இருந்த?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே பட்டது.

அவருக்கு எழுதத் தெரியாது. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு கட்டில் கம்பியில் கிடந்த துண்டை இழுத்து அவள் கைமேல் போர்த்தி, தன் கையை உள்ளே விட்டார்.

துண்டுக்குள் எண்களுக்கு மட்டும்தான் வழி உண்டு. அது இருவருக்கும் தெரியும்.

கை முழுவதையும் பிடித்தார். ஐந்து. ஒரு விரல். ஆறு. இன்னொரு விரல். மறுபடி கை முழுவதும். வினோதினி முறையாகக் கூட்டிக்கொண்டே வந்தாள். எதற்கு இந்த எண், நாளா, வயதா, ரூபாயா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. எங்கோ ஓரிடத்தில் கணக்கைத் தவறவிட்டாள். தவறியது தன் பக்கம்தான் என்பதில் இந்தமுறை அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு" என்றாள் கொளஞ்சியம்மாள். "காலையில ஆபீசு."

"போறேம்மா" என்றாள் வினோதினி.

துண்டுக்குள் அவர் மறுபடி கை முழுவதையும் பிடித்தார். விட்டால் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. அவர் விடவில்லை.